முனிவரின் கல்லீரல்

விலங்கு ஆஸ்பத்திரியின் பின்கட்டில், மஞ்சள் எச்சரிக்கைப் பலகை மாட்டிய ஓர் அறையில் மாப்பிள்ளைக்கு வேலை. அங்கே காமா கேமரா என்றொரு இயந்திரம் இருந்தது. மற்ற கேமராக்களுக்கு வெளிச்சம் வெளியே இருந்தால் போதும்; இதற்கு உள்ளேயிருந்து வர வேண்டும். மிருகத்தின் உடம்புக்குள் துளி கதிரியக்க மருந்தைச் செலுத்திவிட்டால், அது போகிற வழியெல்லாம் திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். நொண்டுகிற குதிரைக்கு எந்த எலும்பில் விரிசல், கிழட்டுப் பூனைக்குத் தைராய்டு ஏன் இப்படித் துள்ளுகிறது என்பதையெல்லாம் அந்தப் புள்ளிகளை வைத்துச் சொல்லிவிடலாம்.

ஆஸ்பத்திரியில் அவரைக் கேமராக்காரர் என்பார்கள். ஆனால் இது அவருக்கும் அவருடைய மாமியாருக்கும் நடுவே நடந்த விவகாரம். ஆகவே மாப்பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம்.

மாமியார் முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவர். அதில் கடைசிப் பன்னிரண்டு வருஷம் தலைமை நர்ஸ். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். பெற்ற மகளே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். மகளும் மாப்பிள்ளையும் மூன்றாம் மாடியில் இடதுபக்க வீடு, சிஸ்டர் வலதுபக்க வீடு. கதவுக்குக் கதவு ஐந்தடி.

சிஸ்டரின் கண்ணுக்குத் தப்பி அந்தக் கட்டடத்தில் ஒரு நோய் குடியேற முடியாது. லிஃப்டில் யாராவது இருமினால், "வலது பக்கமா வலிக்குதா?" என்று கேட்பார், வலிக்கும். தபால்காரரைப் பார்த்து நாலடி தள்ளி நின்றபடியே, "உங்க கண்ணு சரியில்லை, நாளைக்கு வேலைக்குப் போகாதீங்க, ரத்தம் குடுங்க" என்றார். மறுநாள் மஞ்சள் காமாலை என்று முடிவு வந்தது.

இப்பேர்ப்பட்ட சிஸ்டரிடம் ஒரு பூனை இருந்தது. சாம்பல் நிறம், மூன்று வயதுக்குக் கொஞ்சம் சின்ன உடம்பு, செம்புக் காசு போன்ற கண்கள். அதற்கு முனிவர் என்று பெயர். சும்மா வைத்த பெயர் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் முனிவர் மெதுவாக நடந்து கூடத்தின் மூலைக்குப் போவார். சுவரைப் பார்த்து உட்காருவார். அரைமணி நேரம் அசைய மாட்டார். சில நாள் நெற்றியைச் சுவரில் ஒட்டிவைத்துக் கொள்வார். வாயோரம் எச்சில் நூலாக இறங்கும். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ஈ மேலே உட்கார்ந்தாலும் விரட்ட மாட்டார்.

"மத்த பூனை மாதிரி ஓடுறது, பிறாண்டுறது, திருடித் தின்கிறது எதுவும் கிடையாது. சாது" என்பார் சிஸ்டர். முனிவருக்கு மரியாதைப் பன்மைதான். "அவர் சாப்பிட்டாச்சா?", "அவர் உள்ள இருக்கார், மெதுவாப் பேசு." இரண்டாம் மாடியிலிருந்து ஒரு யோகா டீச்சர் செவ்வாய்க்கிழமைதோறும் வந்து, முனிவருக்குப் பக்கத்தில் பாயை விரித்து, அவரோடு சேர்ந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டுப் போவாள். மனசு லேசாகிறது என்று சொல்வாள்.

இந்த நிலைமையில்தான் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி ஆரம்பமானது.

பூனைகளின் கல்லீரலுக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்பதைக் காமா கேமராவால் பார்க்க முடியும். கல்லீரல் நோய்களுக்கென்றே படித்த டாக்டர் ஒருவர் அங்கே இருந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார், சாப்பிட மறந்துவிடுவார். நோயாளிப் பூனைகளின் படத்தைப் பார்த்து இது கோளாறு என்று சொல்ல வேண்டுமானால், ஆரோக்கியமான பூனைக்கு இதே இயந்திரத்தில் படம் எப்படி வருகிறது என்று முதலில் தெரிய வேண்டுமே. அதற்கு ஆறு நல்ல பூனைகள் வேண்டும் என்றார். ஊழியர்கள் ஐந்து பேர் தங்கள் வீட்டுப் பூனையைத் தந்தார்கள். ஆறாவது, மருந்தகத்தில் வேலை செய்யும் அம்மாளுடையது. படம் எடுக்க ஒரு நாள் இருக்கும்போது அதை ஸ்கேன் செய்து பார்த்தால், வயிற்றுக்குள் நாலு குட்டி.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கதிரியக்க மருந்து மறுநாள் காலை எட்டு மணிக்கு ஈயப் பெட்டியில் வந்து இறங்கிவிடும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதன் வீரியம் பாதியாகிவிடும். பனிக்கட்டியை வாங்கி வெயிலில் வைத்த கதைதான். அடுத்த வாரத்துக்கென்று எடுத்து வைக்க முடியாது.

"உங்க வீட்ல பூனை இருக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

மாப்பிள்ளைக்கு அந்த நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியவில்லை. "இருக்கு. ரொம்ப ஆரோக்கியமான பூனை. ஒரு தொந்தரவும் கிடையாது" என்று சொல்லிவிட்டார். எதிர்வீட்டில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

கேட்டால் சிஸ்டர் தர மாட்டார் என்பது அவருக்கு நிச்சயம். பெண் கேட்டு அவர் முதன்முதலாக அந்த வீட்டுக்கு வந்த நாளில், "என்ன வேலை?" என்று கேட்டார் சிஸ்டர். கதிரியக்கம் என்ற சொல் காதில் விழுந்ததும், சோபாவின் மறுகோடிக்கு நகர்ந்து உட்காரச் சொன்னார். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியும் வேலைக்குப் போட்டுப்போன சட்டையோடு முனிவரைத் தூக்க அவருக்கு அனுமதி கிடையாது.

ஆனால் சமயம் கனிந்திருந்தது. மறுநாள் காலைதான் சிஸ்டர், கூடப் படித்த நர்ஸுகளின் இரண்டு நாள் கூட்டத்துக்கு வெளியூர் கிளம்புகிறார். முனிவரைக் கூடையில் வைத்து இவர்கள் வீட்டில் ஒப்படைத்தார். கூடவே ஒரு அட்டை, கிளிப்பில் மாட்டிய தாள்: எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார், எவ்வளவு தண்ணீர் குடித்தார், எத்தனை தடவை போனார் என்று குறிக்கக் கட்டம் போட்டது.

"தியானத்துல இருக்கும்போது டிவி போடாதீங்க மாப்பிள்ளை. முடிச்சு எழுந்ததும் ஒரு துண்டு மீன் குடுங்க. அவருக்கு அது பழக்கம்."

"சரிங்க அத்தை. நீங்க கவலைப்படாம போயிட்டு வாங்க."

டாக்ஸி தெருமுனை திரும்பியதும் மாப்பிள்ளை கூடையைத் தூக்கினார்.

"எங்க தூக்கிட்டுக் கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"நகம் வளர்ந்திருக்கு. வெட்டி, காதையும் சுத்தம் பண்ணி நாளைக்குக் கொண்டு வந்துடறேன்."

"நகம் வெட்ட ரெண்டு நாளா?"

"அங்க ஒரே கூட்டம்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சிஸ்டருக்குத் தெரிஞ்சா உங்க நகத்தை வெட்டுவாங்க. விரலோட சேர்த்து" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆஸ்பத்திரியில், 'உரிமையாளர் சம்மதம்' என்ற தாளில் மாப்பிள்ளை தானே கையெழுத்துப் போட்டார். செய்த பொய்யில் பாதியாவது உண்மையாக இருக்கட்டும் என்று முனிவரின் நகங்களை மெனக்கெட்டு வெட்டினார். முனிவர் காலை நீட்டிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தார்.

"பரவாயில்லையே, இவ்வளவு அடக்கமா?" என்றார் டாக்டர். "ஆமா, கண்ணு ஏன் இப்படிச் செம்பு மாதிரி இருக்கு?"

"பரம்பரையா இருக்கும் டாக்டர்."

டாக்டர் "ம்ம்" என்றார். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு மத்தியானம்தான் வரும். மருந்து மத்தியானம் வரை காத்திருக்காது. முனிவருக்கு லேசான மயக்க ஊசி போட்டு, கேமராவின் தட்டில் பக்கவாட்டில் படுக்க வைத்தார்கள்.

மருந்தை உள்ளே செலுத்த இரண்டு வழி உண்டு. மண்ணீரலில் ஊசி குத்துவது ஒன்று. மற்றது குத்தல் இல்லாதது: பின்பக்கமாக ஒரு மெல்லிய குழாயை விட்டுப் பெருங்குடலில் மருந்தை விடுவது. நல்ல பூனையைக் குத்துவானேன் என்று டாக்டர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருந்தார். தம் வீட்டில் சப்தம் போட்டு நடக்கக்கூட யாரையும் விடாத அந்த மகானுக்கு இது நடப்பதைப் பார்க்க மாட்டாமல் மாப்பிள்ளை திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரையில் முதலில் குடல் ஒளிர்ந்தது. குடலிலிருந்து கிளம்புகிற ரத்தம் நேரே கல்லீரலுக்குத்தான் போக வேண்டும். முதலில் கல்லீரல் மினுங்கும். சில நொடி கழித்துத்தான் இதயம். ஐந்து பூனைகளுக்கும் அப்படித்தான் வந்தது. முனிவருக்கு இதயம் பளிச்சென்று எரிந்தது. கல்லீரல் இருக்க வேண்டிய இடம் இருட்டாகக் கிடந்தது. அப்புறம்தான், போனால் போகிறது என்று ஒரு சாம்பல் மூட்டம் அங்கே எட்டிப் பார்த்தது.

"தலைமாடு கால்மாடு மாத்திப் படுக்க வச்சிட்டேன் போல" என்றார் மாப்பிள்ளை.

டாக்டர் பூனையைப் பார்த்தார். தலை தலைப்பக்கம்தான் இருந்தது.

"கேமராவில் ஏதாவது கோளாறா இருக்கும்."

"அரைமணிக்கு முன்னாடி அஞ்சாவது பூனைக்குச் சரியாத்தானே வந்துச்சு. காலைல சோதனை ஓட்டம் பண்ணீங்களே, சரியா இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையில் இதயத்தைச் சுற்றி ஒரு கோடு, கல்லீரலைச் சுற்றி ஒரு கோடு வரைந்து கணக்குப் போடச் சொன்னார். குடல் ரத்தத்தில் எத்தனை பங்கு கல்லீரலுக்குப் போகாமல் தப்பிப் போகிறது என்கிற கணக்கு அது. நல்ல பூனைக்கு நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டாது. முனிவருக்கு எழுபத்தெட்டு.

"இதுவா ஆரோக்கியமான பூனை?" என்றார் டாக்டர். "சாப்பிட்ட பிறகு எப்படி இருக்கும்?"

"தியானம் பண்ணுவார்."

"என்ன?"

"சுவரைப் பார்த்து உட்காருவார். அசைய மாட்டார். சில நாள் தலையைச் சுவத்துல வச்சுக்குவார்."

"எச்சில்?"

"அது வந்து... பரவச நிலையில கொஞ்சம் வரும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மாப்பிள்ளையையே பார்த்தார். பத்து வருஷம் இந்தத் துறையில் இருக்கிற மனிதர் தம் வாயாலேயே சொன்னதைத் தாமே கேட்டு, மெல்ல மெல்ல முகம் வெளுத்தார்.

இருவரும் முனிவரை மெதுவாகத் தூக்கி, தனி அறையில் ஒரு கூண்டில் விட்டார்கள். உடம்பில் கதிரியக்கம் தணியும் வரை, அதாவது மறுநாள் காலை வரை, அவர் அங்கேதான் இருக்க வேண்டும். அது விதி. அந்த விதியை எழுதிக் கதவில் ஒட்டியவரே மாப்பிள்ளைதான். அத்தை திரும்பி வருவதற்குள் இதை எப்படிச் சொல்வது என்று யோசிக்க முழுசாக ஒன்றரை நாள் இருக்கிறது என்று அவர் தம்மைத் தேற்றிக்கொண்டார்.

நாலு மணிக்கு மனைவி போன் செய்தாள்.

"நகம் வெட்டுற கூட்டம் குறைஞ்சுதா?"

"ஏன்?"

"அம்மா திரும்பி வந்துட்டாங்க."

நர்ஸுகளின் கூட்டத்தில் சாப்பாட்டுக்கு முன்னாலேயே சண்டை வந்துவிட்டதாம். முப்பது வருஷத்துக்கு முன்பு ஆபரேஷன் தியேட்டரில் ஒரு கத்தரி காணாமல் போனது. அது யாருடைய ஷிஃப்டில் என்று எவளோ பேச்செடுத்திருக்கிறாள். சிஸ்டர் பையை எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறிவிட்டார்.

"முனிவர் எங்கேன்னு கேட்டாங்க. உங்க ஆஸ்பத்திரியிலன்னு சொன்னேன். இப்ப வந்துட்டிருக்காங்க. நான் வேற என்ன சொல்ல? நீங்கதான் எனக்கு ஒண்ணும் சொல்லலையே."

சிஸ்டர் வரும்போது பயணப் பை இன்னும் தோளில் இருந்தது. வரவேற்பில் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி என்றால் எந்தக் கதவுக்குப் பின்னால் எது இருக்கும் என்று அவர் காலுக்கே தெரியும். நேரே பின்கட்டுக்கு வந்துவிட்டார்.

"எங்க மாப்பிள்ளை அவர்?"

"உள்ள நல்லா தூங்கிட்டிருக்கார் அத்தை."

"நகம் வெட்டியாச்சா?"

"வெட்டியாச்சு."

"அப்ப குடுங்க, போகலாம்."

"நாளைக்குக் காலைல..."

சிஸ்டரின் பார்வை கதவிலிருந்த மஞ்சள் பலகைக்குப் போனது. அதற்குக் கீழே ஒட்டியிருந்த விதிகளை ஒன்று விடாமல் படித்தார். "நகம் வெட்டுற ரூமுக்கு இதெல்லாம் எதுக்கு?"

மாப்பிள்ளை பதில் சொல்வதற்குள், உள்ளேயிருந்து கதிர் அளக்கும் மீட்டரோடு ஓர் ஊழியர் கதவைத் திறந்தார். திறந்த கதவு வழியே, முனிவரின் கூண்டுப் பக்கமிருந்து அந்த மீட்டர் வறுசட்டியில் கடுகு பொரிகிற மாதிரி சடசடத்தது. கதவு மூடியதும் அடங்கியது.

இனி மறைத்துப் பயனில்லை. மாப்பிள்ளை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னார். ஆறு பூனை, ஒன்று கர்ப்பம், ஈயப் பெட்டி, படம். சிஸ்டர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மருந்தை எந்த வழியாக் குடுத்தீங்க? ஊசியா, வாய் வழியா?"

"ரெண்டும் இல்லை அத்தை."

முப்பத்திரண்டு வருஷ நர்ஸுக்கு மிச்சத்தை விளக்க வேண்டியதில்லை. "முனிவருக்கா!" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டு டாக்டரே தம் அறையிலிருந்து வந்துவிட்டார். சிஸ்டர் அவர் பக்கம் திரும்பினார். "சொந்தக்காரி நான். என் கையெழுத்து இல்லாம எப்படிம்மா பண்ணுனீங்க?"

"நீங்களா சொந்தக்காரி?" என்ற டாக்டர், சம்மதத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தார். இரண்டு பெண்களும் சேர்ந்து ஒரே மாதிரி பார்த்தார்கள். அந்த நேரத்தில் மாப்பிள்ளை கூண்டுக்குள் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

"இவரை நான் அப்புறம் கவனிச்சுக்கறேன்" என்றார் டாக்டர். "முதல்ல நீங்க வந்து படத்தைப் பாருங்க. உங்களுக்குச் சொன்னாப் புரியும்."

திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். ஒன்று நல்ல பூனை, மற்றது முனிவர். "குடல்லேர்ந்து வர்ற ரத்தத்துல விஷம் இருக்கும். கல்லீரல் அதை வடிகட்டி அனுப்பணும். உங்க பூனைக்குப் பிறவியிலேயே ஒரு குறுக்கு வழி. சோதனைச் சாவடியைச் சுத்திக்கிட்டுப் போற லாரி மாதிரி, ரத்தம் கல்லீரலைத் தொடாமலே இதயத்துக்குப் போகுது, அங்கிருந்து மூளைக்குப் போகுது. சாப்பிட்டவுடனே அதிகமாகும். மூளையில மப்பு அடிச்ச மாதிரி ஆயிடும். அதனாலதான் சுவரைப் பார்த்து உட்காருது."

ரத்தப் பரிசோதனை முடிவையும் நீட்டினார். சிஸ்டர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். தாளை மடித்து மேஜை மேல் வைத்தார்.

"இறைச்சி, மீன் எல்லாம் நிறையக் குடுத்தா ஜாஸ்தியாகுமா?"

"ஆகும்."

"தியானம் முடிஞ்சதும் மீன் குடுப்பேன்" என்றார் சிஸ்டர். "தினம்."

அப்புறம் எழுந்து வெளியே போய், தாழ்வாரத்தில் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஊர்ல இருக்கறவன் கண்ணெல்லாம் பார்த்தேன். எச்சில் வடியுது, தலையைச் சுவத்துல முட்டுது. வார்டுல ஒரு பேஷண்டு இப்படிப் பண்ணினா ரெண்டு நிமிஷத்துல டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன். இதைக் கும்பிடாத குறை."

மாப்பிள்ளை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். "நானும் ஏழு வருஷமா எதிர்வீட்லதான் இருக்கேன் அத்தை. எனக்கும் தெரியலையே. எனக்கு இதுதான் வேலை."

"பூனை வந்து மூணு வருஷம்தான் ஆகுது."

"சரி, மூணு வருஷம்."

சிஸ்டர் தண்ணீரைக் குடித்தார். "நீங்க திருடிட்டு வந்தது நல்லதாப் போச்சுன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம் அத்தை."

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

"தெரியும்."

"நீங்க கேட்டிருக்கணும்."

"ஆமாங்க அத்தை."

அன்று பார்வையாளர் நேரம் முடிகிற வரை சிஸ்டர் தனி அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே போகத்தான் தடை, பார்க்கத் தடையில்லை. ஒரு தாளை வாங்கி, கால் மணிக்கொரு தரம் எழுதினார்: நாலே முக்கால், விழித்தார், தலை ஆட்டம். ஐந்து, வலது பக்கம் சாய்ந்து இரண்டடி நடந்தார். ஐந்தேகால், தண்ணீர், ஏழு நக்கு. போகும்போது அந்தத் தாளை டாக்டரின் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மாப்பிள்ளையை டாக்டர் கவனித்துக்கொண்டது மறுநாள். அதை அவர் வீட்டில் விவரமாகச் சொல்லவில்லை. எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது என்பது மட்டும் மனைவிக்குத் தெரியும். முனிவரின் படம் ஆராய்ச்சியின் நல்ல பூனைகள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு, நோயாளிகள் பட்டியலில் முதல் எண்ணாகச் சேர்ந்தது.

ஆறு வாரம் மருந்தும் பத்தியச் சாப்பாடும் கொடுத்தார்கள். பிறகு அறுவை சிகிச்சை. அந்தக் குறுக்குக் குழாயைச் சுற்றி ஒரு சின்ன வளையம் மாட்டுவார்கள். அது வாரக்கணக்கில் மெதுவாக உப்பி, வழியை அடைத்துக்கொண்டு வரும். ஒரேயடியாக மூடினால் பழக்கமில்லாத கல்லீரல் தாங்காது. சிஸ்டர் தியேட்டர் கதவுவரை வந்து, உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும், "மூடறதுக்கு முன்னாடி கத்தரி எல்லாத்தையும் எண்ணிடுங்க" என்று சொல்லி அனுப்பினார். முதல் நாலு நாள் பூனைக்கு வலிப்பு வரக்கூடும் என்றார்கள். அந்த நாலு நாளும் சிஸ்டர் கூண்டை விட்டு நகரவில்லை. மகள் சாப்பாடு கொண்டுவந்தால் நின்றுகொண்டே சாப்பிட்டார். வலிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. யோகா டீச்சர் வழக்கம்போலப் பாயை விரித்துக் கண்ணை மூடினாள். முனிவர் பத்தியச் சாப்பாட்டை முடித்தார். மூலைக்குப் போகவில்லை. கூடத்தின் நடுவில் நின்று, டீச்சரின் கொண்டையைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார். அப்புறம் பாய்ந்தார்.

டீச்சர் அதற்குப் பிறகு வரவில்லை. முனிவரும் கொண்டையோடு நிறுத்தவில்லை. மூன்று வருஷமாகச் செய்யாமல் விட்டதையெல்லாம் முனிவர் வட்டியும் முதலுமாகச் செய்து தீர்த்தார். திரைச்சீலையில் ஏறினார். ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டார். சிஸ்டர் ஸ்டூலில் ஏறி எட்டாத உயரத்தில் வைத்த தபால்களைக் கீழே தள்ளி, ஒவ்வொன்றின் மேலும் உட்கார்ந்து பார்த்தார். ஒருநாள் எதிர்வீட்டுக் கதவு வழியாக, "டேய், இறங்குடா கீழே!" என்று சிஸ்டரின் குரல் கேட்டது. மாப்பிள்ளையும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றோடு மரியாதைப் பன்மை போனது.

மூன்றாம் மாதம் மறுபடி படம் எடுத்தார்கள். இம்முறை சம்மதத் தாளில் சிஸ்டர் தேவையில்லாத இடத்திலெல்லாம் சேர்த்து நாலு கையெழுத்துப் போட்டார். கதிர் படாத தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்தார். மயக்க ஊசி போடுவதற்குள் முனிவர் மாப்பிள்ளையின் கையில் மூன்று கோடு கிழித்திருந்தார்.

குடல் ஒளிர்ந்தது. அடுத்து, இருட்டாகக் கிடந்த அந்த இடத்தில் புள்ளிகள் கூடின. கூடிக் கூடி ஒரு முழுக் கல்லீரல் திரையில் எழுந்து நின்றது. அதற்கப்புறம், நிதானமாக, இதயம். கணக்குப் பதினொன்று என்று வந்தது.

"அதுதான் கல்லீரலா?" என்றார் சிஸ்டர்.

"அதேதான் அத்தை."

"பெரிசா வளர்ந்திருக்கே" என்றார், பேரனைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

அன்றைக்குச் சாயந்திரம் மாப்பிள்ளை எதிர்வீட்டுக்குப் போனபோது சிஸ்டர் சோபாவில் தனியாக உட்கார்ந்திருந்தார். பூனை மறுநாள்தான் வரும். வீடு நிசப்தமாக இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன் மாப்பிள்ளை. மூணு வருஷம் நான் அதுமேல உயிரா இருந்தேன். இப்பப் பார்த்தா அது வேற பூனை. அப்ப நான் யார் மேல ஆசை வச்சேன்? பூனை மேலயா, அதோட நோய் மேலயா?"

மாப்பிள்ளை யோசித்தார். "தெரியலைங்க அத்தை. ஆனா இந்தப் பூனை என்னைப் பிறாண்டிச்சு. அந்தப் பூனைக்கு என்னை யாருன்னே தெரியாது."

சிஸ்டர் அவர் கையை இழுத்துப் பார்த்தார். மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து கீறலைத் துடைத்தார். கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்தார்.

அந்த வாரக் கடைசியில் டாக்டர் போன் செய்தார். மாப்பிள்ளைக்கு இல்லை, சிஸ்டருக்கு. அன்று அவர் எழுதி வைத்துவிட்டுப் போன தாளை டாக்டர் இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்தாராம். படம் எடுத்த பூனைகளை இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆள் இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் வருவீர்களா என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் சிஸ்டர் அலமாரியிலிருந்து வெள்ளை ஷூவை எடுத்துவிட்டார்.

மாப்பிள்ளைக்கு வீட்டில் ஐந்தடி தூரமாவது இருந்தது. ஆஸ்பத்திரியில் அதுவும் போயிற்று. முதல் வாரத்திலேயே பின்கட்டின் அலமாரிகள் இடம் மாறின. எல்லாவற்றுக்கும் பெயர்ச்சீட்டு வந்தது. தேநீர் குடிக்கப் போனவர் எத்தனை நிமிஷத்தில் திரும்பினார் என்பதற்கும் எங்கோ ஒரு கட்டம் இருப்பதாக அவருக்குச் சந்தேகம்.

ஒரு வியாழக்கிழமை, பெரிய செவலைப் பூனை ஒன்றைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு கணவனும் மனைவியும் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் பலகையைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கு முகம் சிறுத்துப் போயிருந்தது. சிஸ்டர் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். என்ன மருந்து, எவ்வளவு நேரம் ஆகும், நாளைக்கு எப்போது வந்து கூட்டிப்போகலாம் என்று நிதானமாகச் சொன்னார். எந்த வழியாக மருந்து கொடுப்பார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

"உள்ள இருக்கறவருக்கு நல்லா வேலை தெரியுமா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

மாப்பிள்ளை கதவைப் பாதி திறந்துவிட்டு அப்படியே நின்றார்.

"எங்க வீட்டு மாப்பிள்ளைதான்" என்றார் சிஸ்டர். "கை சுத்தம். பயப்படாம குடும்மா."

அந்தப் பெண் எழுந்து, போர்வையோடு சேர்த்துப் பூனையை நீட்டினாள். நல்ல கனம். மாப்பிள்ளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, காலால் கதவைத் தள்ளி மூடினார்.